மிஸ்ஸி காரின் ஆயில் ஒழுக்கு

நான் செய்த சிறந்த ரிப்பேர் ஒன்றைப் பற்றி, மெக்கானிக் வேலை படிக்கும் உங்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்தேன். நல்லபடியாக முடிந்த வேலை ஒன்றுகூட முழுதாக நினைவுக்கு வரவில்லை. சரியாகிப் போன கார்கள் மனத்தை விட்டும் போய்விடுகின்றன போலிருக்கிறது. திரும்பத் திரும்ப நினைவில் வந்து நின்றது நான் கெடுத்த ஒரு வேலைதான். அதையே எழுதுகிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதை அல்ல.

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருந்தது. முதலாளி தமிழர்; அதிகம் பேசாதவர். எஞ்சின் வேலைக்கு நானும் ஹமீத் என்ற மலாய்க்காரரும். ஹமீத் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், நிதானமானவர். நான் அப்படியில்லை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கார் சந்துக்குள் திரும்பும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் கோவிந்தன் என்று தேக்கா வட்டாரத்து டாக்சிக்காரர்கள் சொல்வார்கள். பத்துக்கு ஏழு முறை சரியாகவும் இருக்கும். மீதி மூன்றை யாரும் கணக்கில் வைப்பதில்லை, நானும் வைத்ததில்லை.

செசிலி மிஸ்ஸி எங்கள் வாடிக்கைக்காரர். அந்தக் காலத்தில் நர்ஸையும் மருத்துவச்சியையும் நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவச்சி; எங்கள் சந்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வாசலில் பெயர்ப்பலகை, உள்ளே மாதா படம், கூடத்தில் எப்போதும் கிளம்பத் தயாராக ஒரு தோல் பை. கார் ஓட்டும் தமிழ்ப் பெண்கள் ஊரிலேயே விரல்விட்டு எண்ணும்படி இருந்த நாள் அது. சாம்பல் நிறத்தில் சின்ன இங்கிலாந்துக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, சிராங்கூனிலிருந்து சாங்கி வரை, புக்கிட் பாஞ்சாங் வரை, கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வருவார். பெரும்பாலும் சீன, மலாய்க் குடும்பங்கள். பஸ் போகாத மண் பாதைகள். அந்தக் கார் இல்லாவிட்டால் பாதி வீடுகளுக்கு அவரால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அந்தக் காருக்கு வழக்கமான ஆயில் மாற்றத்தை நான்தான் செய்தேன். கூடவே ஆயில் ஃபில்டரும் மாற்றினேன். அப்போதைய ஃபில்டர் இப்போது நீங்கள் கையால் திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்காது. எஞ்சின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கிண்ணம் தொங்கும். நடுவில் ஒரே ஒரு நீள போல்ட். கிண்ணத்தின் வாய் எஞ்சினோடு பொருந்துகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்து ஆயிலை அடைத்துக்கொள்ளும். ஃபில்டரை மாற்றும்போது அந்த வளையத்தையும் மாற்ற வேண்டும். மாற்றினேன். அரை மணி நேர வேலை, மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து மிஸ்ஸி வந்தார். வீட்டு வாசலில் கார் நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது, செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன், தினமும் கறை பெரிதாகிறது என்றார். நான் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் கிளட்ச் கூடு இருக்கிறதல்லவா, அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே சொட்டினால் எஞ்சினின் பின்பக்கத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் பின் சீல் போய்விட்டது என்று பொருள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பின் சீல் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். ஹமீத் அருகில் வந்து நின்றார். மலாயில், மெதுவாக, ஒரு யோசனை சொன்னார். எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டிவிட்டு வந்து பார்ப்போம். ஆயில் எங்கே புறப்படுகிறதோ அங்கே பவுடர் நனைந்திருக்கும், அதற்குப் பிறகு எஞ்சினை எடுப்பதா என்று முடிவு செய்வோம் என்றார். வாடிக்கைக்காரர் முன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பவுடர் மிஸ்ஸி பிரசவம் பார்க்கும் குழந்தைகளுக்குத்தான் வேண்டும், எஞ்சினுக்கு எதற்கு என்று கேலி செய்தேன். மிஸ்ஸிகூடச் சிரித்தார். ஹமீத் சிரிக்கவில்லை, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று நாள் கார் பட்டறையில் இருந்தது. அந்த மூன்று நாளும் மிஸ்ஸி தோல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ட்ரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவிலும் அலைந்தார். நான் எஞ்சினை இறக்கி, புதுச் சீல் போட்டு, எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, திரும்ப ஏற்றினேன். எஞ்சினைக் கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டுக் கீழே பார்த்தேன். காய்ந்த தரை. பெருமையாகச் சாவியைக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் மறுபடியும் அதே ஓட்டையிலிருந்து அதே சொட்டு.

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். புதுச் சீல் போட்ட பிறகும் ஒழுகுகிறது என்றால் ஒழுகுவது சீல் அல்ல என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். ஆனால் மூன்று நாள் உழைப்பைக் கொட்டிய பிறகு, அந்த உழைப்பு வீண் என்று ஒப்புக்கொள்ள மனது எளிதில் சம்மதிப்பதில்லை. என் மனது வேறொரு வழி கண்டுபிடித்தது. சீல் மட்டமான சரக்கு என்று தீர்மானித்தேன். நேரே சுங்கை ரோட்டுப் பக்கம் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனேன். அந்தச் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, எங்களுக்குப் பல வருடமாகச் சாமான் கொடுப்பவர். கடை நிறைய ஆட்கள் இருந்தபோது, பழைய சீலைப் புதுசு என்று விற்றுவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொரு சீலை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி எஞ்சினை இறக்க நாள் குறித்தேன்.

அந்த நாள் வருவதற்குள் ஒரு காலையில் மிஸ்ஸி பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமலே என்னைக் கூப்பிட்டார். முந்தைய சாயங்காலம் ஊற்றிய ஆயில் பாதிக்குக் கீழே போய்விட்டது, ஆனால் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு சீனப் பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது, அவளுடைய கொழுந்தன் பஸ் பிடித்து வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், உடனே போக வேண்டும் என்றார்.

காரை விட்டுவிட்டு டாக்சியில் போங்கள் என்றேன்.

"டாக்சி மெயின் ரோட்டோட நிப்பாட்டிருவான், கோவிந்தன். உள்ள ஒரு மைல் மண் ரோடு. அங்கேருந்து பொம்பளைய வெளிய கொண்டு வரணும்னா எதுல கொண்டு வருவேன்?"

முதலாளியைப் பார்த்தேன். போய் வா என்று தலையசைத்தார். அரை கேலன் ஆயில் டின் ஒன்றையும் சாமான் பையையும் எடுத்துக்கொண்டு மிஸ்ஸிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வழியில் ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொண்டே போகலாம் என்பதுதான் என் எண்ணம். ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. இடம் எனக்குத்தான் தெரியுமே.

புக்கிட் தீமா சாலையில் மிஸ்ஸி வேகமாகவே ஓட்டினார். ஏழாம் மைல் கல்லைத் தாண்டி மேடு ஏறும்போது ஆயில் விளக்கு மினுக்கியது. நிறுத்தி, ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஈரம். ஒரே ராத்திரியும் பதினைந்து நிமிட ஓட்டமும் ஒரு எஞ்சினை இப்படிக் காலி செய்யக் கூடாது. டின்னில் பாதிக்கு மேல் ஊற்றினேன். அப்போதுதான் முதன்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. சீல் ஒழுக்கு இப்படி இருக்காது. இது வேறு.

கம்பத்து வீடு வந்து சேர்ந்தோம். காய்கறித் தோட்டத்துக்கு நடுவில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. பன்றிக் கொட்டில், ஒரு கிணறு, வாசலில் காயப்போட்ட துணிகள். பெண்ணின் புருஷன் வெளியே நின்றுகொண்டிருந்தார். மிஸ்ஸி பையோடு உள்ளே போனார். நான் பானட்டைத் திறந்தேன். எஞ்சினின் ஒரு பக்கம் முழுதும் ஆயில் வழிந்து பளபளத்தது. எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாமே நனைந்திருந்தது.

பத்து நிமிடத்தில் மிஸ்ஸி வெளியே வந்தார். அவர் முகத்தில் பதற்றம் இல்லை, ஆனால் வழக்கமான சிரிப்பும் இல்லை. குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்தான் என்றார். பனிக்குடம் இன்னும் உடையவில்லை. உடைவதற்குள் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை மெயின் ரோட்டுக் கடையிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லி சைக்கிளில் அனுப்பினார்கள். அவன் போன வேகத்திலேயே திரும்பி வந்தான். கடை பூட்டியிருக்கிறது, கடைக்காரர் ஏதோ சாவுக்குப் போய்விட்டாராம்.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார்.

"வண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுமா, ஓடாதா? நேரா சொல்லுங்க."

"இப்படியே எடுத்தா பாதி வழி தாண்டாது, மிஸ்ஸி. எங்க ஒழுகுதுன்னு பாத்து அடைச்சா ஓடும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"தெரியாது. ஆனா பாக்காம எடுத்தா நடுரோட்டுல நிக்கும். அது தெரியும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவள ஏத்துறதுக்கு ரெடி பண்ண எனக்கு இருபது நிமிஷம் ஆகும். அது வரைக்கும் வண்டி உங்களுது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்களில் சிலருக்கு இப்படி ஒரு இருபது நிமிடம் என்றைக்காவது வரும். அப்போது கை தானாகவே எதையாவது கழற்ற ஓடும். ஓடவிடாதீர்கள். எனக்கும் ஓடியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுக்கக்கூடக் குனிந்துவிட்டேன். கிளட்ச் கூட்டில் நான் என்ன செய்துவிட முடியும்? எஞ்சினை அந்தத் தோட்டத்திலா இறக்கப் போகிறேன்? நிமிர்ந்தேன். எனக்குத் தெரிந்த பதில் உதவாது என்று ஆன பிறகுதான், இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டேன். இந்த ஆயில் எங்கிருந்து புறப்படுகிறது?

ஹமீத் சொன்னது நினைவுக்கு வந்தது. வாசலில் நின்று மிஸ்ஸியிடம் பவுடர் கேட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல், குழந்தைப் பவுடர் டின்னை அந்தப் பெண்ணின் மாமியார்க் கிழவியிடம் கொடுத்து அனுப்பினார். காயப்போட்டிருந்த துணி ஒன்றை அந்த அம்மாளே உருவிக் கொடுத்தார். எஞ்சின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். இரண்டு முறை துடைத்தேன். பிறகு டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். எஞ்சின் வெள்ளைவெளேரென்று ஆனது.

புருஷனை உள்ளே உட்காரவைத்து, சைகையாலும் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயாலும் சொல்லி, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். அவர் மிதித்தார். இன்னும், இன்னும் என்று கை காட்டினேன். பட்டறையில் நான் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத்தான் பார்த்தேனே தவிர, ஒருமுறைகூட இப்படி அலறவிட்டுப் பார்க்கவில்லை. எஞ்சின் அலறியதும், வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு விழுந்தது. ஃபில்டர் கிண்ணத்தின் வாயிலிருந்து. கிண்ணத்தைச் சுற்றி இறங்கி, அடியில் திரண்டு, சொட்டியது. கார் நின்றுகொண்டிருந்ததால் அது நேராகக் கீழே சொட்டியது. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளி, கிளட்ச் கூட்டின் மேல் அடித்து, அந்தச் சின்ன ஓட்டையின் வாயில் சேர்த்துச் சொட்டவைத்திருக்கிறது. நான் மூன்று நாள் வேலை செய்தது ஆயில் வந்து சேர்ந்த இடத்தில். புறப்பட்ட இடம் ஒரு முழம் முன்னால் இருந்தது.

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். இறுக்கிப் பார்த்தேன். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றித்தான் ஆக வேண்டும். போல்ட் அசைந்ததும் ஆயில் கொட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்த புருஷன் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். ஓடிக்கொண்டிருக்கிற காரை ஏன் பிரிக்கிறாய் என்பதைத்தான் அவர் தன் மொழியில் சொல்லியிருப்பார். அவர் கண்ணில் நீர் நின்றது. அவர் இடத்தில் நான் இருந்தால் அடித்தே இருப்பேன். மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், இதைச் செய்யாவிட்டால் உங்கள் மனைவி வழியில் நிற்க வேண்டிவரும் என்று. அவர் கை தளர்ந்தது. மாமியார் ஒரு இனாமல் பேசினைக் கொண்டுவந்து கிண்ணத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டார். இன்றுவரை அந்த அம்மாளைப்போல் சரியான நேரத்தில் சரியான சாமானை நீட்டிய ஆளை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

கிண்ணம் கையோடு வந்தது. சூடு மணிக்கட்டைச் சுட்டது. நான் போட்ட புது ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது ஏன் பிதுங்கியது என்று எஞ்சின் பக்கத்துப் பள்ளத்தில் விரலை விட்டேன். பள்ளம் இருக்க வேண்டிய ஆழத்துக்கு இல்லை. சின்ன ஸ்க்ரூடிரைவரின் முனையால் கிண்டினேன். கறுத்து, இறுகி, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்த இன்னொரு வளையம் வெளியே வந்தது.

பழைய வளையம். அதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டு மூடியிருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, அழுத்தம் தாங்காமல் மேல் வளையம் நாளுக்கு நாள் நழுவியிருக்கிறது. அரை மணி நேர வேலை என்று நான் மறந்துபோன அந்த வேலைதான் இது. சீல் கெடவில்லை. தவுக்கே ஏமாற்றவில்லை. கோளாறு வேறெங்கிருந்தும் வரவில்லை, என் கையிலிருந்துதான் வந்தது.

வெட்கப்பட நேரம் இல்லை. பழைய வளையத்தைச் சட்டைப் பையில் போட்டேன். பள்ளத்தைத் துடைத்தேன். புது வளையம் நீண்டிருந்தாலும் கிழியவில்லை; அதையே பள்ளத்தில் ஒழுங்காக உட்காரவைத்து, கிண்ணத்தை ஏற்றி இறுக்கினேன். டின்னில் மிச்சமிருந்த ஆயிலை ஊற்றினேன், போதவில்லை. பேசினில் இருந்த ஆயிலை, மிஸ்ஸியிடம் வாங்கிய சல்லாத்துணியில் வடிகட்டி ஊற்றினேன். பட்டறையில் ஒருநாளும் நான் அப்படிச் செய்யமாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். அன்று அது சரி. கிண்ணத்தைத் துடைத்து, டின்னில் மிச்சம் ஒட்டியிருந்த பவுடரைத் தூவி, எஞ்சினைத் திரும்ப அலறவிட்டுப் பார்த்தேன். கிண்ணத்தைச் சுற்றித் தூவிய பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

மிஸ்ஸி கதவருகே வந்தபோது, ஓடும் என்றேன். நினைக்கிறேன் என்று சொல்லவில்லை.

பெண்ணைப் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து மிஸ்ஸி அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். புருஷன் முன்னால். நான் ஓட்டினேன். மண் ரோட்டில் ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து இறக்கினேன். தார் ரோடு வந்ததும் மிதித்தேன். ஒரு கண் சாலையில், ஒரு கண் ஆயில் விளக்கில். மிஸ்ஸி பின்னால் அந்தப் பெண்ணிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அந்தக் குரல் என்னையும் ஓட்டிக்கொண்டு வந்தது. விளக்கு எரியவே இல்லை. தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து நின்றபோது என் சட்டை முழுதும் நனைந்திருந்தது.

நான் கார் பக்கத்திலேயே காத்திருந்தேன். அந்த நேரத்தில் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். சட்டைப் பையில் இருந்த வளையத்தைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாது. வடிகாலில் எறிந்தால் முடிந்தது. ரப்பர் பிதுங்கிவிட்டது, மட்டமான ரப்பர், நல்ல வேளை நான் கூட வந்தேன் என்று சொல்லலாம். காரைச் சரிசெய்து ஒரு பெண்ணைக் காப்பாற்றியவன் என்ற பெயர்கூடக் கிடைக்கும். வளையத்தைக் கையில் எடுத்தேன். மறுபடியும் பைக்குள் வைத்தேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து மிஸ்ஸி வந்தார். ஆபரேஷன் முடிந்தது, பெண் குழந்தை, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார். கார்க் கதவில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"காருக்கு என்னதான் கோளாறு?"

வளையத்தை எடுத்து நீட்டினேன். ஃபில்டர் மாற்றியபோது இதை உள்ளேயே விட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஒழுக்கு முழுதும் இதனால்தான் என்றேன்.

அவர் அதை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப எஞ்சின இறக்கி மூணு நாள் வச்சிருந்தீங்களே?"

"தேவையே இல்லாத மூணு நாள், மிஸ்ஸி."

"அதுல ரெண்டாவது நாள் பாய லேபார்ல ஒரு வீட்டுக்கு நான் பஸ்ஸுல போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை பொறந்திருச்சு. பக்கத்து வீட்டுக்காரி பிடிச்சிருக்கா. ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கலாம்."

அவர் சத்தமாகப் பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன்.

அன்றைக்கே முதலாளியிடமும் ஹமீத்திடமும் சொன்னேன். ஒரு நாள் தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். முதலாளி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் எஞ்சினை இறக்குவதென்றால் ஹமீத்தும் நீயும் இரண்டு பேருமாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். ஹமீத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பவுடர் எவ்வளவு தூவினாய் என்று கேட்டார். டின் முழுதும் என்றேன். ஒரு பிடி போதும், நல்ல பவுடரை வீணாக்கிவிட்டாய் என்றார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

தவுக்கே கடைக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. கடையில் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு, திட்டியது ஆட்கள் முன்னால்தானே என்று தோன்றியது. கூட்டம் இருக்கும் நேரத்தில் போய், அவர் கொடுத்த இரண்டாவது சீலைக் கவுண்டரில் வைத்து, உங்கள் சரக்கில் குற்றமில்லை, என் கையில்தான் குற்றம் என்று மலாயில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் சீலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பி எனக்கு ஒரு கோப்பி கொண்டுவரச் சொன்னார்.

மிஸ்ஸி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். சிராங்கூன் சாலையில் அந்தச் சாம்பல் நிறக் கார் எங்கள் சந்தைத் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். வேறு பட்டறை பார்த்துக்கொண்டார் என்று முடிவு செய்தேன். அது நியாயம் என்றும் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சில நேரம் சொன்னதற்கு விலை உண்டு, அதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, கார் சந்துக்குள் திரும்பியது. மிஸ்ஸி இறங்கி, ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்றார். வழக்கமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை. வெள்ளைச் சேலையில் கறை படுமே என்று கவலைப்படாமல் என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் கிண்ணத்தைக் கழற்றினேன். புது வளையத்தை எடுக்கக் கையை நீட்டினேன்.

"பழசு எங்க?" என்றார். உள்ளங்கையை விரித்து நீட்டினார். "மொதல்ல அத எடுத்து என் கையில குடுங்க."

பள்ளத்திலிருந்து கிண்டி எடுத்து, துடைத்து, அந்தக் கையில் வைத்தேன்.

"பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி முழுசா வந்திருச்சான்னு ரெண்டு கையிலயும் ஏந்திப் பாப்பேன், கோவிந்தன். பாக்காம எந்த வீட்டுலேருந்தும் நான் கெளம்புனதில்ல. பிள்ளை நல்லா அழும், எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, வேலை முடிஞ்சாப்புலதான் இருக்கும். ஒரு துண்டு உள்ள தங்கிட்டாலும் தாயி போயிருவா. இதுவும் அந்த மாதிரிதானே?"

"அந்த மாதிரிதான், மிஸ்ஸி."

அவர் விரல் நுனியால் அந்தக் கறுத்த வளையத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். எங்கும் அறுபடவில்லை என்று தெரிந்ததும் தலையசைத்தார்.

"முழுசா இருக்கு. இப்ப மூடுங்க."

மூடினேன். எஞ்சினை ஓட்டி, அலறவிட்டு, கிண்ணத்தைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. மிஸ்ஸி தோல் பையைப் பின் சீட்டில் வைத்தார். பாசிர் பாஞ்சாங்கில் ஒரு பெண்ணுக்கு இன்றோ நாளையோ என்றிருக்கிறது, முதல் பிரசவம் என்று சொல்லிக்கொண்டே ஏறி, காரைத் திருப்பி, நல்ல வேகத்தில் கிளம்பிப் போனார்.